தன்னார்வ அமைப்புக்குச் சொந்த இடம்: பணக் கணக்குக்கு முன்னால் ஆள் கணக்கு

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். சக்கர நாற்காலி, வாக்கர், நோயாளிக் கட்டில், ஆக்சிஜன் செறிவூட்டி போன்றவற்றை, வீட்டில் நோயாளியை வைத்துப் பார்க்கிறவர்களுக்கு உங்கள் அமைப்பு இலவசமாக இரவல் தருகிறது. தேவை முடிந்ததும் திரும்ப வாங்கி, துடைத்து, அடுத்தவருக்குக் கொடுக்கிறீர்கள். ஒன்பது ஆண்டுகளாக நடக்கிறது, சம்பளத்துக்கு ஒருவரும் இல்லை. பாதிப் பொருள் ஒரு பள்ளியின் காலி அறையில் இருக்கிறது, மீதி உறுப்பினர்கள் இருவரின் வீட்டில். இப்போது ஒரு பெரியவர் தன் பழைய கட்டடத்தை அமைப்புக்கே எழுதித் தருவதாகச் சொல்கிறார். குழுவில் பாதிப் பேர் உடனே வாங்கிக்கொள்ளலாம் என்கிறார்கள், பாதிப் பேர் இழுக்கிறார்கள். வாங்கலாமா?

இந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. கட்டடம் நல்லதா என்பதை ஒரு பொறியாளரும் ஒரு வழக்கறிஞரும் சொல்லிவிடுவார்கள். சொந்த இடம் வந்த பிறகும் நாம் இதே வேலையை இதே மனதோடு செய்துகொண்டிருப்போமா என்பதுதான் உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன். அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன். சிறு தொண்டு அமைப்புகளுக்குக் கணக்குப் பார்ப்பதும் அவற்றின் நிர்வாகக் குழுக்களில் உட்காருவதும் பல வருடமாக என் வேலை. இடம் மாறிய அமைப்புகள் சிலவற்றைப் பக்கத்திலிருந்தே பார்த்திருக்கிறேன். சட்டமும் கட்டுமானமும் என் துறை இல்லை. அவை வரும் இடங்களில் எதை, யாரிடம் கேட்க வேண்டும் என்பது வரைதான் என்னால் சொல்ல முடியும்.

முதலில், சந்தேகமே இல்லாமல் சொல்லக்கூடிய ஒன்று. கட்டடம் பணத்தைச் சாப்பிடுவதற்கு முன்னால் ஆட்களின் நேரத்தைச் சாப்பிடும். இரவல் இடத்தில் இருக்கும்போது நமக்குத் தெரியாமலேயே நிறைய வேலையை வேறு யாரோ செய்துகொண்டிருக்கிறார்கள். பள்ளியின் காவலாளி கேட்டைத் திறக்கிறார். துப்புரவுப் பணியாளர் உங்கள் அறை வாசலையும் சேர்த்தே பெருக்கிவிடுகிறார். குழாய் ஒழுகினால் பள்ளி அலுவலகம் ஆள் கூப்பிடுகிறது. மின்கட்டணம், சொத்து வரி, குப்பை, எலி, கழிவறை எதுவும் உங்கள் காதுக்கே வருவதில்லை. சொந்த இடம் என்றால் அத்தனையும் ஒரே நாளில் உங்கள் தலையில் வந்து விழும், செய்வதற்கு அதே பத்துப் பதினைந்து பேர்தான் இருப்பார்கள்.

குழாய் ரிப்பேரையே எடுத்துக்கொள்ளுங்கள். பிளம்பருக்குக் கொடுக்கும் கூலி பெரிய விஷயமில்லை. ஆனால் அவர் வருவது வேலை நாளில், காலை பதினொரு மணிக்கு. யாராவது ஒருவர் அலுவலகத்தில் அனுமதி கேட்டு வந்து கதவைத் திறந்து நிற்க வேண்டும். அவர் பார்த்துவிட்டு, ஒரு பாகம் வாங்கி வர வேண்டும், நாளைக்கு வருகிறேன் என்பார். நாளைக்கும் யாராவது நிற்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் யார் போவது என்று கேட்டால் நாலு மணி நேரம் பதில் வராது. கடைசியில் யாருக்கு மறுக்கத் தெரியாதோ அவர் போவார். அவர்தான் பெரும்பாலும் நோயாளியின் வீட்டுக்குப் போய்க் கட்டிலைப் பூட்டிக் கொடுத்து, அந்த வீட்டுப் பெண்ணிடம் பத்து நிமிடம் பேசிவிட்டு வருகிறவராகவும் இருப்பார். ஒரு வருடம் இப்படியே போனால், மனிதர்களைப் பார்க்க வந்தவர் குழாயைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு மெல்ல வராமல் நின்றுவிடுவார். ஏன் நின்றார் என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள். எனக்குத் தெரிந்து இடம் மாறிய அமைப்புகள் தடுமாறியது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அதனால் பத்திரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு ஒத்திகை பாருங்கள். கட்டடம் ஏற்கெனவே உங்கள் கையில் இருப்பதாக வைத்துக்கொண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறைப்பட்டியல் போடுங்கள். திறப்பது, பூட்டுவது, பெருக்கித் துடைப்பது, கழிவறை, பில் கட்டுவது, மாதம் ஒரு முறை மாடிக்குப் போய்த் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று பார்ப்பது, தீயணைப்புக் கருவியின் தேதி பார்ப்பது, ராத்திரி ஏதாவது என்றால் யாருக்கு போன் போக வேண்டும் என்பது. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயர் எழுதுங்கள், அவர் வர முடியாத நாளுக்கு இன்னொரு பெயர். வாரத்தில் இரண்டு நாள், நாளுக்கு நாலு மணி நேரம் திறக்கும் சின்ன இடத்துக்கே, உங்கள் சேவை வேலை போக, வாரம் எட்டுப் பத்து மணி நேரம் கட்டடத்துக்கு மட்டும் போகும் என்பது என் அனுபவக் கணக்கு. உங்கள் இடத்துக்குக் கொஞ்சம் முன்பின் ஆகலாம். பட்டியலில் திரும்பத் திரும்ப அதே மூன்று பெயர்கள் வந்தால், எவ்வளவு நல்ல கட்டடமாக இருந்தாலும் நீங்கள் இன்னும் தயாராகவில்லை.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. கட்டடத்தைப் பார்க்கத் தனியாக ஆட்களைச் சேருங்கள், இப்போது சேவையில் இருப்பவர்களிடம் கூடுதலாகத் திணிக்காதீர்கள். நோயாளிகளோடு பேசத் தயங்குகிற, ஆனால் கையில் தொழில் தெரிந்த மனிதர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஓய்வு பெற்ற எலக்ட்ரீஷியன், ஸ்டோர் கீப்பராக இருந்தவர், கட்டட மேஸ்திரி. தொண்டு செய்ய வாருங்கள் என்று கூப்பிட்டால் வர மாட்டார்கள். எங்கள் கட்டடத்தின் வயரிங்கை நீங்கள் பொறுப்பெடுத்துக்கொள்ள முடியுமா என்று நேராகக் கேட்டால் மகிழ்ச்சியாக வருவார்கள். மூன்று பேர் கொண்ட கட்டடக் குழு ஒன்று அமைந்து, சிறு செலவுகளை யாரிடமும் கேட்காமல் செய்ய அவர்களுக்கு ஒரு வரம்பும் கொடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பல்ப் வாங்கக்கூடப் பொருளாளரின் கையெழுத்து வேண்டும் என்று வைத்தீர்களானால் அவர்களும் போய்விடுவார்கள்.

இனி பணம். இலவசமாக வரும் கட்டடத்தைப் பற்றி நம் ஆட்களுக்கு ஒரு மயக்கம் உண்டு. விலை கொடுக்கவில்லை, அதனால் செலவில்லை என்று. யானையைத் தானமாக வாங்கியவருக்கும் தீனிச் செலவு அவருடையதுதான். ஒரு பொதுக் கட்டடத்தை இன்றைய விலையில் புதிதாகக் கட்ட எவ்வளவு ஆகுமோ, அதில் ஆண்டுக்கு 2 முதல் 4 சதவீதம் வரை பராமரிப்புக்கும் பழுதுக்கும் ஒதுக்க வேண்டும் என்று அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் 1990ல் பரிந்துரைத்தது. அரசுக் கட்டடங்களை மனதில் வைத்துச் சொன்ன அளவுதான், ஆனாலும் வேறு எதுவும் கையில் இல்லாதபோது அதையே வைத்துக்கொண்டு ஆரம்பிக்கலாம். கவனியுங்கள், கட்டடம் எவ்வளவுக்குக் கிடைத்தது என்பது இந்தக் கணக்கில் வரவே இல்லை. சும்மா கிடைத்தாலும் கூரை அதே வேகத்தில்தான் பழசாகும். பழைய கட்டடமாக இருந்தால் முதல் சில வருடங்களில் இந்த அளவையும் தாண்டும், ஏனென்றால் முந்தைய உரிமையாளர் தள்ளிப்போட்ட பழுதுகள் எல்லாம் உங்களுக்காகக் காத்திருக்கும்.

இந்தத் தொகையை ஆண்டுச் செலவோடு கலக்காமல் தனிக் கணக்கில் போடுங்கள். பெயரையும் பழுது நிதி என்றே வையுங்கள், இல்லாவிட்டால் ஏதாவது ஒரு அவசரத்துக்கு நாலு சக்கர நாற்காலியாக மாறிவிடும். இன்னொன்று, உங்களிடம் இப்போது உள்ள கையிருப்பைக் கட்டடத்தைச் சீராக்குவதில் துடைத்துவிடாதீர்கள். குறைந்தது மூன்று மாதம், முடிந்தால் ஆறு மாதம் அமைப்பு நடக்கத் தேவையான பணம் தொடாமல் இருக்க வேண்டும். சுண்ணாம்பு அடித்துப் புது போர்டு மாட்டிய கட்டடத்தில், செறிவூட்டிக்கு ஃபில்டர் வாங்கப் பணமில்லாமல் உட்கார்ந்திருந்த ஒரு குழுவின் கணக்கை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் நேர்மையானவர்கள், உழைப்பாளிகள். நன்கொடைக்கு வேண்டுகோள் எழுதியபோது சுவருக்கும் கூரைக்கும் மட்டும் கேட்டார்கள், அவ்வளவுதான். கட்டடத்துக்கென்று கேட்டு வாங்கிய பணத்தைக் கட்டடத்துக்குத்தான் செலவு செய்ய முடியும். அதனால் வேண்டுகோளிலேயே முதல் மூன்று வருட நடைமுறைச் செலவையும் சேர்த்துக் கேளுங்கள். மின்கட்டணத்துக்கு யார் தருவார்கள் என்று கூச்சப்பட வேண்டாம். முன்கூட்டியே கேட்டால் தருகிறார்கள், பின்னால் தனியாகக் கேட்டால்தான் முகம் சுளிக்கிறார்கள்.

சொந்த இடம் வந்தால் நன்கொடை கூடுமா? இதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரு முகவரியும் போர்டும் வந்ததும் நம்பிக்கை கூடி நிறையப் பேர் தர ஆரம்பித்ததைப் பார்த்திருக்கிறேன். இவர்களுக்குத்தான் சொந்தக் கட்டடமே வந்துவிட்டதே, இனி நம் நூறு இருநூறு எதற்கு என்று மாதாமாதம் கொடுத்தவர்கள் நிறுத்தியதையும் பார்த்திருக்கிறேன். பட்ஜெட்டில் கூடும் என்று எழுதாதீர்கள். இப்போது வருவதில் கொஞ்சம் குறைந்தாலும் தாங்குமா என்று மட்டும் பாருங்கள்.

சட்ட விஷயங்கள் நாட்டுக்கு நாடு மாறும், அதனால் எங்கும் பொருந்துகிற சிலவற்றை மட்டும் சொல்கிறேன். சொத்து யார் பெயரில் வரப்போகிறது என்பதுதான் முதல் கேள்வி. பதிவு செய்யாத குழு தன் பெயரிலேயே சொத்து வைத்துக்கொள்ளப் பல நாடுகளின் சட்டம் இடம் தருவதில்லை. இப்போதைக்குத் தலைவர், செயலாளர் பெயரில் எழுதிக்கொள்ளலாம், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். அவர்கள் தங்கமான மனிதர்களாகவே இருக்கட்டும். அவர்கள் இறந்த பிறகு வாரிசுகளிடம் போய் நிற்கப்போவது உங்களுக்குப் பின்னால் வரும் குழு. அடுத்து, தருகிற பெரியவரின் குடும்பத்துக்கு இது தெரியுமா, சம்மதமா என்று பாருங்கள். வில்லங்கம் இல்லை என்று காகிதம் சொன்னாலும், பிள்ளைகளின் மனத்தாங்கலோடு வரும் கட்டடத்தில் உங்களால் நிம்மதியாக உட்கார முடியாது. மூன்றாவது, நிபந்தனைகள். என் மனைவி பெயர் வைக்க வேண்டும் என்பது ஒரு வகை. இந்த வேலை நின்றால் கட்டடம் குடும்பத்துக்கே திரும்ப வேண்டும் என்பது இன்னொரு வகை. இரண்டாவது நிபந்தனை இருந்தால், அந்தக் கட்டடத்தில் நீங்கள் போடும் ஒவ்வொரு காசையும் அதை நினைவில் வைத்துப் போட வேண்டும். இதையெல்லாம் பார்க்க உங்களுக்கென்று ஒரு வழக்கறிஞர் வேண்டும். தருபவரின் வழக்கறிஞரே நமக்கும் பார்த்துக்கொடுக்கிறார் என்பது நட்பான ஏற்பாடாகத் தோன்றும், ஆனால் அப்படிச் செய்யாதீர்கள்.

கட்டடத்துக்கு வருவோம். பொதுவாகக் கட்டடம் உறுதியா என்று பார்ப்பது பொறியாளர் வேலை. அவரை நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் கூட்டிப் போங்கள், வெயிலில் தெரியாத ஒழுகல் எல்லாம் அன்றைக்குத் தெரியும். ஆனால் உங்கள் வேலைக்கு இந்தக் கட்டடம் ஒத்துவருமா என்பதைப் பொறியாளர் தானாகச் சொல்ல மாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும். இரும்பு நோயாளிக் கட்டில் ஒன்று சாதாரணமாக 50 கிலோவைத் தாண்டும். இடம் மிச்சம் பிடிக்க அவற்றை நிமிர்த்தி ஒன்றன்மேல் ஒன்றாகச் சுவரில் சாய்த்துத்தான் எல்லோரும் வைக்கிறார்கள். பத்துக் கட்டில் அப்படி நின்றால் அரை டன் எடை இரண்டு மூன்று சதுர மீட்டருக்குள் இறங்குகிறது. குடியிருப்பாகக் கட்டிய வீட்டின் மாடித் தளத்தைச் சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ வரை தாங்கும்படிதான் கணக்கிட்டிருப்பார்கள். ஆகவே கட்டில்கள் எல்லாம் தரைத்தளத்தில், மெத்தையும் வாக்கரும் மாடியில் என்று பிரிக்க வேண்டியிருக்கும். அப்படியானால் தரைத்தளத்தில் வேறு எதற்கு இடம் மிஞ்சும் என்று வரைபடத்தில் போட்டுப் பாருங்கள்.

வாசல்படி இன்னொன்று. உங்களிடம் வருகிறவர்களில் நடக்க முடியாதவர்கள் இருப்பார்கள், சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்களும் இருப்பார்கள். சரிவுப் பாதைக்குப் பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட விகிதம் 12க்கு 1. மூன்றே மூன்று படி, ஒவ்வொன்றும் 15 சென்டிமீட்டர் என்றால் மொத்த உயரம் 45 சென்டிமீட்டர். அதற்கு 5.4 மீட்டர் நீளச் சரிவு வேண்டும். அவ்வளவு இடம் வாசலில் இருக்கிறதா? இல்லாமல் குறுக்கிச் செங்குத்தாகக் கட்டிய சரிவில் நாற்காலி பின்னால் உருளும், தள்ளுகிறவரையும் சேர்த்து இழுக்கும். கதவின் திறப்பு குறைந்தது 80, முடிந்தால் 90 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். உள்ளே நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் விட்டத்துக்குத் தடையில்லாத தரை வேண்டும். கழிவறைக்கும் இதே அளவுதான். ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்துவிட்டு வர அரை மணி நேரம் போதும். பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்த அரை மணி நேரத்தை யாராவது ஒருவர் செலவழிக்க வேண்டும்.

திரும்பி வரும் பொருளும் வெளியே போகும் பொருளும் ஒரே கதவு, ஒரே மேசை என்று இருக்கக் கூடாது. இரவல் இடத்தில் வேறு வழியில்லாமல் பொறுத்துக்கொண்டிருப்பீர்கள், சொந்த இடத்தில் அதை முதலிலேயே சரி செய்யலாம். படுக்கைப் புண் இருந்தவர் படுத்த மெத்தை ஒரு பக்கமாக உள்ளே வர வேண்டும், கழுவும் இடம் அங்கேயே இருக்க வேண்டும், காய வைக்க வெளிச்சமும் காற்றும் வேண்டும், சுத்தமானதும் மறுபக்கம் போக வேண்டும். இரண்டு கதவு இல்லாவிட்டாலும் தரையில் ஒரு கோடு போட்டாவது பிரியுங்கள். மெத்தை வைக்கும் அறையில் காற்றின் ஈரப்பதம் நெடுநாள் 70 சதவீதத்துக்கு மேல் நின்றால் பூஞ்சை பிடிக்கும். கடையில் கிடைக்கும் சின்ன ஈரப்பதமானியை ஒரு மாதம் அந்த அறையில் வைத்துக் குறித்துப் பாருங்கள். செறிவூட்டிக்குத் தூசி ஆகாது. சிலிண்டரும் வைத்திருந்தால் காற்றோட்டமான இடத்தில் நிமிர்த்திச் சங்கிலி போட்டு வைக்க வேண்டும், பக்கத்தில் நெருப்போ எண்ணெய்ப் பிசுக்கோ கூடாது. பேட்டரி நாற்காலிகளை ராத்திரி ஆள் இல்லாதபோது சார்ஜில் விட்டுப் போகாதீர்கள், வெளியேறும் வழியை மறித்து நிறுத்தவும் வேண்டாம்.

எல்லாவற்றையும் பொருளுக்கே ஒதுக்கிவிடாதீர்கள் என்று இங்கே கெஞ்சிக் கேட்கிறேன். உட்கார ஒரு மூலை வேண்டும். லண்டனில் செயின்ட் ஸ்டீஃபன் வால்புரூக் தேவாலயத்தில் சாட் வாரா என்ற பாதிரியார், உயிரை விட நினைக்கிறவர்களுக்காக 1953ல் ஒரு தொலைபேசி உதவியை ஆரம்பித்தார். அதுதான் சமாரிட்டன்ஸ் அமைப்பு. அவரைப் பார்க்க வந்தவர்கள் காத்திருக்கும் அறையில் தன்னார்வலர்கள் தேநீர் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில், காத்திருந்தவர்களில் பலருக்கு அந்தப் பேச்சே போதுமாக இருந்ததை அவர் கண்டார். 1954ன் தொடக்கத்தில் அழைப்பவர்களுக்குத் துணை நிற்கும் வேலையைத் தன்னார்வலர்களிடமே ஒப்படைத்துவிட்டார். உங்களிடம் கட்டில் வாங்க வருகிறவரும் அப்படித்தான். அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து நாளைக்கு வீட்டுக்கு அனுப்புகிறார்கள், இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள் என்று வருகிறவர் அவர். படிவத்தில் கையெழுத்து வாங்கிப் பொருளைத் தள்ளிக் கொடுத்தால் உங்கள் வேலை பாதிதான் முடிந்தது. இரண்டு நாற்காலியும், மற்றவர் காதில் விழாத தூரமும் அந்த மறுபாதிக்கு வேண்டும். கட்டிலைத் திருப்பித் தர வருகிறவருக்கு அது இன்னும் அவசியம். பல சமயம் அது ஏன் திரும்பி வருகிறது என்று உங்களுக்குத் தெரியும்.

நிரந்தரம் என்ற சொல்லைப் பற்றி உங்கள் குழுவில் சண்டை நடப்பதாக எழுதியிருந்தீர்கள். அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஏழைகளுக்கும் புதிதாகக் குடியேறியவர்களுக்கும் உதவிய ஹல் ஹவுஸ் என்ற தொண்டு இல்லம் எப்படி இருந்தது என்று பாருங்கள். ஜேன் ஆடம்ஸும் எல்லன் கேட்ஸ் ஸ்டாரும் 1889ல் ஒரு பழைய மாளிகையில் ஆரம்பித்தார்கள். வளர்ந்து பதின்மூன்று கட்டடமாக ஆனது. 1960களில் பல்கலைக்கழக வளாகத்துக்காக அவற்றில் பெரும்பாலானவற்றை இடித்தார்கள். அமைப்பு அதோடு முடிந்துவிடவில்லை, நகரத்தின் பல பகுதிகளுக்குப் பிரிந்து போய் மேலும் ஐம்பது வருடம் போல வேலை செய்தது. கடைசியில் 2012 ஜனவரியில் மூடியதற்குக் காரணம் பணம் தீர்ந்தது, அதிலும் அரசு நிதியையே பெரிதாக நம்பியிருந்தது. கட்டடம் போன பிறகும் அமைப்பு இருந்தது, வரவு நின்றதும் இல்லாமல் போனது. தயங்குகிற பாதிப் பேரிடம் இதைச் சொல்லலாம், அவசரப்படுகிற பாதிப் பேரிடமும் சொல்லலாம்.

இரவல் இடத்தை விட்டு வரும்போது இழப்பது என்ன என்பதையும் யோசியுங்கள். பள்ளியில் இருப்பதால் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் உங்களைத் தெரிகிறது, ஒரு மாணவன் வீட்டில் தாத்தா விழுந்துவிட்டார் என்றால் தகவல் தானாக வருகிறது. தனிக் கட்டடத்துக்குப் போனால் அந்த வழி அடைபடும். போன வருடம் பொருள் வாங்கியவர்களின் பகுதிகளை ஒரு வரைபடத்தில் புள்ளி வைத்துப் பாருங்கள், தன்னார்வலர்கள் வீடுகளையும் வேறு நிறத்தில் வையுங்கள். புது இடம் இரண்டுக்கும் ஒதுக்குப்புறமாக இருந்தால் பேருந்து எது, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். பள்ளியில் ஒரு அலமாரியாவது தொடர்ந்து வைத்திருக்க முடிந்தால் வையுங்கள்.

அப்புறம் சாவி. சின்ன விஷயம் போலத் தெரியும், அமைப்புகள் இதில்தான் உடைகின்றன. இரவல் இடத்தில் எல்லோரும் சமம், ஏனென்றால் சாவி யாரிடமும் இல்லை. சொந்த இடம் வந்ததும் சாவி வைத்திருப்பவர் தானாகவே பெரியவர் ஆகிவிடுகிறார். அவர் வரும்போதுதான் திறக்கும், அவர் அடுக்கியபடிதான் இருக்கும், அவருக்குப் பிடிக்காதவர் வந்தால் அன்றைக்கு ஏதாவது வேலை வந்துவிடும். வேண்டுமென்று யாரும் செய்வதில்லை. அதனால்தான் அதைச் சொல்லித் திருத்துவது கஷ்டம். முதல் நாளிலிருந்தே நாலு சாவி, யாரிடம் எது என்று ஒரு நோட்டு, வருடத்துக்கு ஒரு முறை கைமாற்றம் என்று எழுதி வைத்துவிடுங்கள். எண் போட்டுத் திறக்கும் பூட்டு வாங்க முடிந்தால் இன்னும் நல்லது, ஒருவர் விலகும்போது எண்ணை மாற்றினால் போதும்.

தயங்குகிறவர்களை வாக்கெடுப்பில் தோற்கடிக்காதீர்கள். ஏழுக்கு ஆறு என்று ஜெயித்து வாங்கிய கட்டடத்தை அந்த ஏழு பேர் மட்டும்தான் பெருக்க வேண்டிவரும். தயக்கத்தைக் கிளறிப் பார்த்தால் பெரும்பாலும் உள்ளே ஒரு நியாயமான கவலை இருக்கும். எனக்கு வயதாகிறது, இன்னொரு பொறுப்பு எடுக்க முடியாது என்பார் ஒருவர். என் வீட்டு கராஜில் இருந்தவரைக்கும் எனக்கு ஒரு இடம் இருந்தது, இனி நான் எதற்கு என்று சொல்லாமல் நினைப்பார் இன்னொருவர். இரண்டாமவருக்குப் புது இடத்தில் அவர் பெயர் சொல்கிற ஒரு வேலை கொடுங்கள்.

இடம் மாறுகிற வேலையைப் பற்றிக் கொஞ்சம். உடைந்ததையும் யாரும் கேட்காததையும் பழைய இடத்திலேயே கழித்துவிட்டு வாருங்கள். தொலைபேசி எண் மாறவே கூடாது. பழைய கதவில் புது முகவரி ஒரு வருடமாவது ஒட்டியிருக்கட்டும். கட்டடம் உங்கள் பெயருக்கு வந்து, வேலை முடியும்வரை பூட்டியே கிடந்தால் காப்பீட்டைக் கவனியுங்கள். பல காப்பீட்டுப் பத்திரங்களில் 30 அல்லது 60 நாள் ஆள் இல்லாமல் கிடந்தால் திருட்டு, தண்ணீர்ச் சேதம் போன்றவற்றுக்குப் பாதுகாப்பு நின்றுவிடும், முன்கூட்டியே எழுதித் தெரிவித்தால்தான் தொடரும். திறப்பு விழாவை ஒரு மாதம் நடத்திப் பார்த்த பிறகு வையுங்கள். அதற்குள் எந்தக் கதவு இடிக்கிறது, எங்கே விளக்கு போதவில்லை என்பதெல்லாம் தெரிந்திருக்கும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்வேன் என்று கேட்டிருந்தீர்கள். தானமாக உடனே எழுதி வாங்கிக்கொள்ள மாட்டேன். மிகக் குறைந்த வாடகைக்கு மூன்று முதல் ஐந்து வருடக் குத்தகை கேட்பேன். கூரையும் கட்டமைப்பும் அவர் பொறுப்பு, உள்வேலை எங்கள் பொறுப்பு, குத்தகை முடியும்போது எழுதித் தருவதா வேண்டாமா என்று இரு பக்கமும் சேர்ந்து முடிவெடுப்பது என்று எழுதிக்கொள்வேன். அவர் வயதானவர் என்பதால், இடையில் அவருக்கு ஏதாவது ஆனாலும் குத்தகை செல்லும்படி வாரிசுகளும் கையெழுத்திட வேண்டும். பெரியவர் மனம் நோகுமே என்று தயங்க வேண்டாம். உங்கள் கட்டடத்தை வாங்கிக்கொண்டு கெடுத்துவிடக் கூடாது என்பதால்தான் கேட்கிறோம் என்று நேரில் போய், மூத்தவர்களாக இரண்டு பேர் சொன்னால் புரிந்துகொள்வார். இல்லை, இப்போதே எழுதித் தருகிறேன், இல்லாவிட்டால் வேண்டாம் என்று அவர் நின்றால், அந்த முறைப்பட்டியலை எடுத்துப் பாருங்கள். பெயர்கள் நிரம்பியிருந்து, பழுது நிதிக்கு முதல் வருடத் தொகையும் கையில் இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் நன்றி சொல்லி விட்டுவிடுங்கள். பள்ளி அறை இன்னும் இருக்கிறது, கட்டில் தேவைப்படும் வீடுகளும் இருக்கின்றன.

அடுத்த கூட்டத்துக்கு முன்னால் இரண்டு காகிதம் மட்டும் வாங்கிவிடுங்கள். கட்டடத்தின் மூலப்பத்திர நகல் ஒன்று, கடந்த இரண்டு வருட மின்கட்டண, வரி ரசீதுகள் இன்னொன்று. அவற்றையும் வாசல்படியின் உயரம், சரிவுக்குக் கிடைக்கும் நீளம், கதவின் அகலம் ஆகியவற்றையும் இங்கே எழுதினால், இந்தப் பதிலில் பொதுவாகச் சொன்ன கணக்குகளை உங்கள் கட்டடத்துக்கே போட்டுத் தருகிறேன்.